கணக்கைத் திருத்துவது யார்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே வணிகவியல் பிரிவு மாணவர்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பி.காம். படிப்பைக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதா, அல்லது இணையவழியில் சேர்ந்துவிட்டு மிச்ச நேரத்தில் சி.ஏ.வுக்குத் தயாராவதா, வேலைக்குப் போவதா? சட்டத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையிலோ இணையவழியிலோ தரும் பட்டத்தை நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமமாக வைத்தன. 2022 செப்டம்பரில் குழு அதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. செல்லுமா செல்லாதா என்ற பழைய வழக்கு அதோடு முடிந்துவிட்டது. எது கணக்குக் கற்றுத்தருகிறது என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதைத் தீர்க்க ஓர் அளவுகோல் வேண்டும். இணையவழிப் படிப்பை விற்பவர்கள் வசதியையும் கட்டணத்தையும் முன்னால் வைக்கிறார்கள். கல்லூரிகள் தேர்ச்சி விழுக்காட்டையும் வளாக நேர்காணலையும் காட்டுகின்றன. இவற்றுக்கெல்லாம் மதிப்பு உண்டு. ஆனால் கணக்குக்கு என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது வேறு: மாணவர் செய்யும் தவறு யார் கண்ணில் படுகிறது, எவ்வளவு சீக்கிரம் படுகிறது, அதை அவர் கையாலேயே திருத்த வைக்கிறவர் யாராவது இருக்கிறாரா?

ஏன் இந்த அளவுகோல் என்பதற்கு விடை பதினோராம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, இருப்பாய்வு எடுத்தால் பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருளா? இல்லை. ஒரு நடவடிக்கையை முழுவதுமாக எழுதாமல் விட்ட விடுபிழை இருப்பாய்வில் தெரியாது. ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகை மறைத்துவிடும் ஈடுசெய் பிழை தெரியாது. இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே பற்று எழுதிவிட்ட விதிப்பிழையும் தெரியாது. கீழே இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றுபோல நிற்கும். லாபம் மட்டும் பொய்யாக இருக்கும். மிக மோசமான தவறுகளைத் தானே காட்டிக்கொடுக்காத துறை இது. அதனால்தான் கணக்கு எழுதியவரைத் தவிர இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று தணிக்கை என்றொரு தொழிலே உண்டாயிற்று. கற்கும் இடத்திலும் அந்த இன்னொரு கண் இல்லாமல் முடியாது.

நல்ல கல்லூரி வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ரூ.2,00,000 விலையுள்ள இயந்திரம் அக்டோபர் 1 அன்று வாங்கப்பட்டது. ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம். கணக்கு முடிவது மார்ச் 31. மாணவி ரூ.20,000 தேய்மானம் எழுதுகிறாள். எழுத வேண்டியது ஆறு மாதத்துக்கு, அதாவது ரூ.10,000. லாபம் பத்தாயிரம் குறைகிறது, இயந்திரம் ரூ.1,90,000க்குப் பதில் ரூ.1,80,000 என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டதால் அவள் மகிழ்ச்சியோடு இரட்டைக் கோடு போட்டு மூடுகிறாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வரும் ஆசிரியர் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்து, “எப்போம்மா வாங்கினாங்க?” என்று கேட்டால் போதும். அவளே அடித்துவிட்டுத் திருத்துவாள். அடுத்த முறை எந்தச் சொத்தைப் பார்த்தாலும் வாங்கிய தேதியைத் தேடுவாள். ஒற்றைக் கேள்வியில் நடந்த இந்தக் கல்விக்கு இணையாக எந்தக் காணொளியையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி என்னவென்றால், நம் கல்லூரிகளில் அந்த ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறாரா என்பதுதான். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பாட நேரம் ஐம்பது நிமிடத்தில், ஒரு கூட்டாண்மைக் கணக்கைக் கரும்பலகையில் முடிக்கவே மணி அடித்துவிடுகிறது. மாணவர்கள் பலகையில் இருப்பதை நோட்டில் இறக்குகிறார்கள். தாங்களாகப் போட்டுப் பார்ப்பதும் தவறு செய்வதும் வீட்டுக்குத் தள்ளிப்போகின்றன. பல வீடுகளில் அது நடப்பதே இல்லை. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் துறைகள் நிற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் எழுபது நோட்டுகளை வாரந்தோறும் திருத்தச் சொல்ல நமக்கு வாய் வராது. சுயநிதிப் பிரிவுகளில் நிலைமை இன்னும் கடினம்.

பருவத் தேர்வு மிச்சத்தைக் கெடுக்கிறது. கேள்விகள் பழைய வினாத்தாள்களின் வார்ப்பிலேயே வருகின்றன. கணக்குக்கு வேண்டிய எல்லா எண்ணும் கேள்வியிலேயே இருக்கும். வேண்டாத எண் ஒன்றும் இருக்காது. சரிக்கட்டுதல்கள் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் லாப நட்டக் கணக்கில் ஓர் இடம், இருப்புநிலைக் குறிப்பில் ஓர் இடம் என்று மனப்பாடமாகப் பொருத்திவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். டி.எஸ். ரெட்டி, ஏ. மூர்த்தி எழுதிய நிதிக் கணக்கியல் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை போட்டு முடித்து, ஒரு கடையின் உண்மையான பில் கட்டைக் கையில் வாங்கியதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பட்டதாரிகள் ஏராளம். குறை அந்தப் புத்தகத்தினுடையது இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் நடக்க வேண்டியது நடக்கவில்லை.

இனி இணையவழிப் பட்டம். அதன் அமைப்பை ஒழுங்குமுறைகளே வகுத்திருக்கின்றன: காணொளி, படிப்பதற்கான பாடம், கலந்துரையாடல் பகுதி, தானே சோதித்துப் பார்க்கும் வினாக்கள் என நான்கு கூறுகள். மதிப்பெண்ணில் அதிகபட்சம் 30 விழுக்காடு தொடர் மதிப்பீட்டுக்கு. குறைந்தது 70 விழுக்காடு கண்காணிப்போடு நடக்கும் பருவ இறுதித் தேர்வுக்கு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

அதன் பலத்தை மறுக்கிறவர்கள் கணக்குப் படித்திருக்க மாட்டார்கள். குழும நிறுவனங்களின் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் சிறுபான்மைப் பங்கைக் கணக்கிடும் இடத்தை ஒரே ஒருமுறை கேட்டுப் புரிந்துகொண்டவர் யார்? காணொளியை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நான்காம் முறையும் வெட்கப்படாமல் கேட்கலாம். வகுப்பில் கை தூக்கத் தயங்கும் மாணவருக்கு இது பெரிய விடுதலை. அரசின் ஸ்வயம் தளம் 2017இல் வந்த பிறகு நாட்டின் நல்ல ஆசிரியர்கள் சிலரின் வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. சி.ஏ. மாணவர்களுக்குப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே நேரலை வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. விளக்கிச் சொல்லுதல் என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால் திரை வகுப்பறையை வென்றுவிட்டது. ஊரில் கிடைக்கும் சராசரி விரிவுரையைவிட, எங்கிருந்தோ வரும் சிறந்த விரிவுரை மேல்.

ஆனால் அந்த மாணவி ரூ.20,000 தேய்மானம் எழுதினால் திரை என்ன செய்கிறது? பெரும்பாலும் அவளை எழுதவே விடுவதில்லை. நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சரியான பதிவைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு திறமை. வெற்றுத் தாளில் எந்தக் கணக்கைப் பற்று எழுதுவது, எதை வரவு எழுதுவது என்று தானே முடிவெடுப்பது முற்றிலும் வேறு திறமை. அலுவலகத்தில் யாரும் நான்கு விடை கொடுத்துக் கேட்பதில்லை. தவறான விடையைத் தொட்டால் “தவறு” என்று வருகிறது, சில இடங்களில் சரியான விடையும் வருகிறது. அவள் தேதியைக் கவனிக்காததால் தவறினாளா, விழுக்காட்டைத் தவறாகப் பெருக்கினாளா, தேய்மானம் என்றால் என்ன என்பதே புரியவில்லையா என்பது திரைக்குத் தெரியாது. கலந்துரையாடல் பகுதியில் கேட்கலாம் என்பார்கள். தன் தவறு எங்கே என்று தெரிந்தவர்தான் அதைக் கேள்வியாக்க முடியும்.

இங்கே மானியக் குழுவின் மேலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத படிப்புகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: மருத்துவம், செவிலியம், பொறியியல், மருந்தியல், கட்டடக்கலை, சட்டம், உணவக மேலாண்மை என்று போகிறது. செய்முறை இல்லாமல் கற்க முடியாதவை என்பது அதன் பின்னால் உள்ள நியாயம். வணிகவியல் அதில் இல்லை. ஆய்வுக்கூடம் இல்லாததால் அது செய்முறை இல்லாத படிப்பு என்று முடிவாகிவிட்டது போலும். கணக்கு எழுதுவது முழுக்க முழுக்கக் கைவேலை. இணையவழிப் பி.காம்.மைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்முறைப் படிப்பாக யாரும் நடத்துவதில்லை என்பதுதான் என் குறை, கல்லூரிகளும் சேர்த்து.

செய்முறை என்று எதைச் சொல்கிறேன் என்று காட்டிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்றால், விடுத்த காசோலை வங்கியில் செலுத்தப்படவில்லை, வங்கிக் கட்டணம் ரொக்க ஏட்டில் எழுதப்படவில்லை என்று காரணங்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கை எழுத உட்காருபவருக்குக் காரணங்களை யாரும் தருவதில்லை. வங்கி அறிக்கையில் யு.பி.ஐ. வழியாக ரூ.18,500 வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் கடையின் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இல்லை. தேடிப்பார்த்தால் ஒரு கட்டட மேஸ்திரியின் பேரில் ரூ.10,240க்கும் ரூ.8,310க்கும் இரண்டு பில்கள் நிலுவையில் இருக்கின்றன, கூட்டினால் ரூ.18,550. பணம் போட்டது அவர் மகனாக இருக்கலாம். ஐம்பது ரூபாய் குறைகிறது. அது தள்ளுபடியா, பாக்கியா, அல்லது இந்தப் பணம் வேறு யாருடையதோவா? கடைக்காரருக்குப் போன் போட்டால், “ஆமா, அவர் பையன்தான். அந்த அம்பது ரூபாயை விட்டுடுங்க, பழைய ஆளு” என்கிறார். இப்போதுதான் பதிவு பிறக்கிறது. கேட்காமல் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டால் மார்ச் மாதத்தில் அப்படிப்பட்ட நாற்பது தொகைகள் சேர்ந்து நிற்கும்.

இன்னொன்று. கடைக்காரர் ரூ.1,00,000க்குச் சரக்கு வாங்கி 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யாக ரூ.18,000 சேர்த்துக் கொடுத்துவிட்டார். பில் கையில் இருக்கிறது, சரக்கு கடையில் இருக்கிறது, பணமும் போய்விட்டது. பாடப்புத்தகத்தின்படி அந்த ரூ.18,000 உள்ளீட்டு வரி வரவு. ஆனால் விற்றவர் மறுமாதம் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்யவில்லை. 14ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் இந்தப் பில் இல்லை. 20ஆம் தேதி கடைக்காரர் தன் வரியைக் கட்டும்போது அந்த வரவை எடுக்க முடியாது. அவர் கைக்காசு ரூ.18,000 ஒரு மாதமாவது முடங்குகிறது. இதைக் கண்டுபிடித்து, விற்றவரைத் துரத்திப் பிடித்து, அடுத்த மாதம் வரவில் சேர்க்க மறக்காமல் குறித்துவைப்பவர்தான் கணக்கர். இந்த வேலையின் ஒரு வரி கல்லூரித் தேர்விலும் இல்லை, இணையவழித் தேர்விலும் இல்லை. இரண்டு பட்டங்களும் ஒரே இடத்தில்தான் தோற்கின்றன.

இந்தத் தொழிலின் வரலாறும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், சிறுவர்களைப் பெட்டியடிப் பையன்களாகச் சேர்த்து, அடுத்தாளாக உயர்த்தி, ஐந்தொகை எடுக்கும் அளவுக்குத் தேறிய பிறகே கடையைப் பொறுப்பில் விட்டார்கள். 1949இல் சட்டத்தின் மூலம் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனமும் அடிப்படையில் அதே வழியைத்தான் பிடித்தது. யோசித்துப் பார்த்தால் சி.ஏ. என்பதே ஒரு தொலைநிலைப் படிப்பு. கணக்கியல், தணிக்கை, வரி என்று எந்தத் தாளுக்கும் இத்தனை நாள் வகுப்பில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கணினிப் பயிற்சி, அறிமுகப் பயிற்சி என்று சில வாரங்கள் மட்டுமே நேரில். பாடநூலை வாங்கி நீங்களாகப் படிக்க வேண்டும். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டம் இன்னும் ஒரு படி போய், சில பாடங்களை மாணவர் தானே இணையத்தில் படித்துத் தேறும்படி மாற்றியது. ஆனால் ஒன்றில் மட்டும் அந்த நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை: ஓர் ஆடிட்டரின் கீழ் ஆர்டிகிள்ஷிப் இருந்தே ஆக வேண்டும். வகுப்பைக் கைவிடலாம், மேசையைக் கைவிடக் கூடாது என்பது அந்தத் தொழில் தனக்கே சொல்லிக்கொண்ட தீர்ப்பு. அதே புதிய திட்டம் மூன்று ஆண்டுப் பயிற்சியை இரண்டாகக் குறைத்ததை நான் வரவேற்க மாட்டேன். இரண்டு ஆண்டில் ஒரு மாணவர் இரண்டு மார்ச்சை மட்டுமே பார்ப்பார். முதல் மார்ச் பயத்திலேயே போய்விடும்.

தமிழ்நாட்டுக்கு வீட்டிலிருந்து படிக்கும் பி.காம். புதிதும் அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தடித்த பாடத் தொகுப்புகள் தபாலில் வரும்; வார இறுதியில் சில தொடர்பு வகுப்புகள் இருக்கும்; அவ்வளவுதான். இன்றைய திரையோடு ஒப்பிட்டால் அதன் கற்பித்தல் வெகு எளிமையானது. ஆனாலும் அந்தத் தபால்வழி பி.காம். பல்லாயிரம் குடும்பங்களைத் தூக்கிவிட்டது. காரணத்தை நாம் சரியாகப் பார்க்க வேண்டும். அதைப் படித்தவர்களில் பலர் பகலில் ஏற்கெனவே ஏதோ ஒரு மேசையில் இருந்தவர்கள்: கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தர், மில் அலுவலகத்தின் கணக்குப் பிள்ளை, துணிக்கடை காசாளர், அரசு அலுவலகத்தின் இளநிலை உதவியாளர். பேரேடு அவர்கள் கையில் இருந்தது. அதை மேலிருந்து பார்த்துத் திட்டுவதற்கு ஒரு மேலாளரும் இருந்தார். புரியாமல் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பாடத்தொகுப்பு பொருள் சொன்னது. பட்டம் பதவி உயர்வுக்கு வழிவிட்டது. மேசை முதலில், படிப்பு பிறகு.

இன்று அதே ஏற்பாட்டை மேசையே இல்லாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு விற்கிறோம். இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். அலுவலகம் எதையும் கண்ணால் பார்க்காத மாணவர், தன் வேகத்தில் படிக்கலாம் என்ற வாக்குறுதியோடு கைப்பேசியும் தானுமாக மூன்று ஆண்டு இருந்தால், பருவத் தேர்வுக்கு முந்தைய பத்து நாள்தான் அவருடைய வேகமாக முடிகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று பழிப்பது எளிது. அந்த வயதில் தனியாக உட்கார்ந்து அடக்கவிலைக் கணக்கியல் போடும் கட்டுப்பாடு எத்தனை பெரியவர்களுக்கு இருக்கும்?

கல்லூரிக்குச் சாதகமாக நான் இன்னும் தட்டில் வைக்காத சில உண்டு, அவை கணக்கோடு நேரடித் தொடர்பில்லாதவை. வீட்டில் முதல் பட்டதாரியாகும் பெண்ணுக்குக் கல்லூரி என்பது தினமும் வெளியே போய் வருவதற்கான உரிமை. பேருந்து, தோழிகள், நூலகம், மேடை ஏறிப் பேசிப் பார்ப்பது, பொருளாதாரம் நடத்தும் பேராசிரியையைப் பார்த்து இப்படியும் வாழலாம் என்று தெரிந்துகொள்வது இவையெல்லாம் அந்த உரிமையோடு சேர்ந்து வருகின்றன. வீட்டிலிருந்தே படி என்று அவளிடம் சொல்வது பல வீடுகளில் வீட்டிலேயே இரு என்று சொல்வதாகிவிடும். அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அஞ்சல்வழியில் படித்தால் புதுமைப் பெண் உதவி கிடையாது. இந்தக் குடும்பங்களுக்கு இணையவழிப் படிப்பு மலிவு என்பது பொய்க்கணக்கு.

பாடம் பழசாகிப்போவதில் இரண்டு பக்கமும் குற்றவாளிகள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்குப் போய் வரி ஆண்டு என்ற ஒன்றே நிற்கிறது. பாடக்குழு கூடித் தீர்மானம் போட்டுப் புத்தகம் அச்சாகும்வரை கல்லூரி பழையதை நடத்தும் என்ற புகார் நியாயமானது. ஆனால் பதிவுசெய்து வைத்த காணொளியும் பழசாகத்தான் செய்கிறது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர், “புத்தகத்துல இப்படி இருக்கு, இப்ப மாறிடுச்சு, குறிச்சுக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். காணொளி அதே உறுதியோடு பழைய பிரிவைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மூன்று மாதத்தில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் கற்று வேலை உறுதி என்று அழைக்கும் குறுகிய பயிற்சிகளை இந்தத் தராசில் ஏற்றவே வேண்டியதில்லை. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது ஒரு வாரத்தில் வந்துவிடும். எதைப் பதிவது என்பதுதான் படிப்பு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. தவறாக எழுதிவிட்டு ஓசையில்லாமல் மாற்றிக்கொள்ளும் காலம் போய்விட்டது. பில்லைப் படமெடுத்தால் தானே பதிவு போட்டுவிடும் கருவிகளும் வந்துவிட்டன. அந்தக் கருவி பழுதுச் செலவை இயந்திரக் கணக்கில் போட்டால் இருப்பாய்வு அப்போதும் சமமாகத்தான் வரும். வரப்போகும் கணக்கருக்குப் பதிவு எழுதும் வேலையைவிடப் பதிவைச் சந்தேகப்படும் வேலை அதிகம் இருக்கும்.

எல்லாவற்றையும் எடைபோட்டு என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ கணக்குப் பிரிவிலோ உண்மையான இடம் கிடைத்துவிட்ட மாணவருக்கு இணையவழிப் பட்டமே மேல். வருகைப்பதிவுக்காக 75 விழுக்காடு நாள்களைச் சராசரிக் கல்லூரி ஒன்றில் கழிப்பதைவிட, அந்த நாள்களை மேசையில் கழித்து, மாலையில் திரையில் பாடம் கேட்பது அவரை நல்ல கணக்கராக்கும். ஃபவுண்டேஷன் தேறிவிட்ட சி.ஏ. மாணவர்கள் இதில் தயங்கவே வேண்டாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு நோட்டைத் திருத்தாத சுயநிதிக் கல்லூரிக்கும் இணையவழிக்கும் இடையே தேர்வு என்றாலும் நான் இணையவழியைத்தான் சொல்வேன்; மிச்சமாகும் பணத்திலும் நேரத்திலும் ஓர் அலுவலகத்தைத் தேடிப் பிடிக்கலாம். திருமணத்துக்குப் பிறகோ வேலைக்கு நடுவிலோ படிப்பைத் தொடர நினைக்கும் பெண்களுக்கு வேறு வாசலே இல்லை. அவர்களுக்கு இது வரம். ஆனால் பிளஸ் டூவை நேற்று முடித்த, எந்த அலுவலகத்திலும் ஆளைத் தெரியாத, முதல் தலைமுறை மாணவருக்கு அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரிதான் சரி. குறைகள் அத்தனையும் தெரிந்தே சொல்கிறேன். அங்கே திருத்தும் கண் ஒன்று கிடைக்க வாய்ப்பாவது இருக்கிறது. இரண்டு ஷிப்டாக நடக்கும் கல்லூரிகளில் பாதி நாள் கையில் மிஞ்சுகிறது. அந்தப் பாதி நாளைச் சம்பளம் பார்க்காமல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அலுவலகமும் இல்லாமல், கல்லூரியும் இல்லாமல், திரையில் மட்டும் பி.காம். முடிப்பதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டப்படிப்புக்குள்ளேயே தொழிற்பழகுநர் பயிற்சியைச் சேர்த்து நடத்தலாம் என்று மானியக் குழு 2020இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. பி.காம்.முக்கு அது விருப்பமாக இருக்கக் கூடாது. கல்லூரியானாலும் இணையவழியானாலும் ஒரு பருவம் முழுக்க அலுவலகத்தில் கழிய வேண்டும், அதற்குப் புள்ளிகள் தர வேண்டும். அது வரும்வரை, கட்டணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் ஒன்று செய்யலாம். கல்லூரியானால் துறைக்கு நேரில் போய், இணையவழியானால் தொலைபேசியில், போன ஆண்டு மாணவர் ஒருவரின் திருத்திய கணக்குத் தாளைப் பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பெண் மட்டும் போட்டிருக்கிறார்களா, எந்த வரியில் எப்படித் தவறினார் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டத் தாளே இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.